யாருடையது, எப்போது எழுதப்பட்டது?

கணினியில் நாம் சேமித்துவைக்கும் கோப்பு ஒவ்வொன்றும் தன்னுள் அடங்கிய எழுத்தையும் படத்தையும் மாத்திரமே சுமந்து நிற்கிறது என்று நம்மிற் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் அந்தக் கோப்பை ஆளுகின்ற இயங்குதளமானது, உள்ளடக்கத்துக்குப் புறம்பாக, அது யாருக்கு உரியது, எந்தக் குழுவினர் அதைக் கையாளலாம், கடைசியாக வாசிக்கப்பட்டது எப்போது, திருத்தப்பட்டது எப்போது, அதன் நிலையில் வேறேதேனும் மாறுதல் நேர்ந்தது எப்போது என்னும் விபரங்களையும் தனியே பதிந்துவைத்துக்கொள்கிறது. இவ்விபரங்கள் சரியாக இருக்கும்வரை எவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவை பிழைபட்ட பின்னரே, உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் சிதையாதிருந்தும், அந்தக் கோப்பைச் சான்றாக நம்ப இயலாமற் போய்விட்டது என்பது நமக்குத் தெரியவருகிறது.

இதனை நான் காங்கேசன்துறையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். யாருடைய காணி, எந்த ஆண்டிலிருந்து, எந்த உறுதியின் பேரில் என்னும் கேள்விகள் சாதாரணச் சம்பாஷணையிலேயே எழுகின்ற ஊர் இது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடியும் மூண்டபோது, இவ்வூர் அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிற்று. சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. 1902இல் இவ்விடத்துக்கு வந்த புகையிரதமும் நின்றுபோய், 2015 ஜனவரி 2ஆம் திகதியே மீண்டும் காங்கேசன்துறை நிலையத்தை அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் மாறி மாறி வாழ்ந்த குடும்பங்கள், நகையை விற்றாலும் உறுதியை விடாமல், றங்குப் பெட்டிகளுக்குள் அவற்றைக் கட்டிக் காத்தன. காணியைப் பார்க்க முடியாத அந்த நீண்ட காலத்தில், உரிமைக்குச் சாட்சியாக அவர்கள் கையில் இருந்தவை அந்தக் காகிதங்களும் அவற்றின் மீதிருந்த பெயர்களும் திகதிகளுமேயாம்.

அத்தகைய காகிதங்களிற் சிலவற்றை எங்கள் பக்கத்துப் பொதுச்சபை ஒன்று ஸ்கான் செய்து, கோவிற் கணக்குகளோடும் இடம்பெயர்வுக் காலத்துக் கடிதங்களோடும் ஒரு கணினியிற் சேர்த்துவைத்திருந்தது. அச்சேகரத்தைப் பழைய இயந்திரத்திலிருந்து லினக்ஸ் என்னும் இயங்குதளம் உள்ள இயந்திரம் ஒன்றுக்கு மாற்றிச் செப்பனிட்டுத் தரவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். திறந்து பார்த்தபோது, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதர் எழுதிய கோப்புக்கள் யாவும் ஒரே பயனரின் பெயரிலும், பெரும்பாலானவை அவை பிரதிசெய்யப்பட்ட ஒரே நாளின் திகதியிலும் கிடந்தன. பென் டிரைவில் இட்டு, அங்கிருந்து வேறோர் இயந்திரத்துக்கு இழுத்து, மறுபடியும் பிரதி எடுத்ததன் பலன் அது. அவற்றை எவ்வாறு சீர்செய்வது என்று ஆராயத் தொடங்கியபோது, விருப்பப்படி ஒன்றைச் செய்துவிடாமல், சரியானது எது என்று சொல்லும் பிரமாணம் ஒன்றை முதலில் நாடவேண்டியிருந்தது.

பிரமாணம் சொல்வது

லினக்ஸுக்கு முன்மாதிரியான யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்து வெளியுலகிற் பரவியபின், கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் வளர்த்த கிளை ஒரு வழியிலும், ஏடீ அண்ட் டீ நிறுவனத்தாரின் சிஸ்டம் ஃபைவ் என்னும் கிளை வேறொரு வழியிலும் சென்றன. கோப்பொன்றைப் புதிதாக ஆக்கினால் அது எந்தக் குழுவைச் சேரும், உரிமையாளரை மாற்ற யாருக்கு அதிகாரம் உண்டு என்பன முதலான அடிப்படை விஷயங்களிலேயே இவை வேறுபட்டன. ஆகவே ஓர் இயந்திரத்துக்கு ஒழுங்காக எழுதிய நிரல் மற்றோர் இயந்திரத்திற் பிழையாக நடந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் நோக்கத்தோடு ஐஈஈஈ என்னும் பொறியியலாளர் கழகம் 1988இல் முதன்முதலாக வெளியிட்ட பொது நியமமே போசிக்ஸ் ஆகும். அதற்கு அப்பெயரை முன்மொழிந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பலமுறை திருத்தப்பெற்ற அந்நியமத்தின் புதிய பதிப்பு 2024இல் வெளிவந்தது.

அந்த நியமத்தின்படி கோப்பொன்றுக்கு மூன்று காலங்கள் உண்டு: வாசித்த காலம், திருத்திய காலம், நிலை மாறிய காலம். கோப்பிலிருந்து ஏதேனும் வாசித்தால் முதலாவது புதுப்பிக்கப்பட வேண்டும். ஏதேனும் எழுதினால் இரண்டாவதும் மூன்றாவதும் புதுப்பிக்கப்பட வேண்டும். உள்ளடக்கத்தைத் தொடாமல் உரிமையாளரையோ அனுமதிகளையோ மாற்றினால் மூன்றாவது மாத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுக் கோப்பு ஒன்று பிறக்கும்போது அதன் மூன்று காலங்களோடு, அதனைத் தாங்கும் அடைவின் திருத்திய காலமும் நிலை மாறிய காலமுங்கூட மாறவேண்டும். சாதாரணக் கோப்பொன்றில் எழுதும்படி பணித்து, எழுதவேண்டிய அளவு பூச்சியம் என்று சொன்னால், எந்தக் காலமும் அசையக்கூடாது. ஏனெனில் அங்கே நிகழ்ந்தது ஒன்றுமில்லை. நிகழ்ந்ததைப் பதியவேண்டும், நிகழாததைப் பதியக்கூடாது என்னும் இந்த நேர்மையே அந்நியமத்தின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம்.

மூன்று காலங்களுள்ளும் மூன்றாவதற்கு ஒரு விசேஷம் உண்டு. வாசித்த காலத்தையும் திருத்திய காலத்தையும் உரிமையாளர் தாம் விரும்பிய பெறுமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கான அழைப்புக்களை நியமமே வகுத்துத் தந்திருக்கிறது. நிலை மாறிய காலத்தையோ அவ்வாறு விரும்பியபடி எழுத நியமத்தில் எந்த அழைப்பும் இல்லை. முதலிரண்டில் எதை மாற்றினாலும், மாற்றிய அந்த வேளை மூன்றாவதிற் பதிந்துவிடும். திருத்துவதற்கு இடமளித்து, திருத்தியதை மறைப்பதற்கு இடமளியாமல் விட்ட இந்த ஏற்பாட்டை எண்ணும்போது, அதனை வகுத்தோரின் தீர்க்கதரிசனத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

உரிமை

உரிமையாளரை மாற்றும் கட்டளைக்குச் 'சீஎச்-ஓன்' என்று பெயர். ஒருவர் தமக்குரிய கோப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட விரும்பினால் அதைத் தடுப்பானேன் என்ற கேள்வி இயல்பானதே. சிஸ்டம் ஃபைவ் கிளை அந்த எண்ணத்தின்படியே நடந்து, உரிமையாளர் எவருக்கும் தம் கோப்பைக் கையளிக்க இடமளித்தது. பெர்க்லிக் கிளையோ, பயனர் ஒவ்வொருவருக்கும் வட்டில் இவ்வளவு இடந்தான் என்று வரையறுத்திருக்கும் இயந்திரத்தில் ஒருவர் தம் பெருங்கோப்புக்களைப் பிறர் பெயருக்கு மாற்றி அவ்வரையறையைத் தாண்டிவிடக் கூடும் என்பதைக் கண்டு, அவ்வதிகாரத்தை நிர்வாகிக்கு மாத்திரமே உரியதாக்கியது. போசிக்ஸ் நியமம் காலப்போக்கில் இந்தக் கட்டுப்பாட்டையே எல்லாருக்கும் விதியாக்கிற்று. உரிமையாளர் தாம் அங்கத்துவம் வகிக்கும் குழு ஒன்றுக்குக் கோப்பின் குழுவை மாற்றலாம். ஆளை மாற்றுவதாயின் உரிய விசேட அதிகாரம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது அந்நியமான சிந்தனையன்று. ஒல்லாந்தர் காலத்தில், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமை என்னும் வழக்குச் சட்டத்தில், காணிக்குச் சொந்தக்காரர் அதனை நினைத்தவுடன் நினைத்தவருக்கு விற்றுவிட முடியாது. உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும், ஒற்றியுரிமை உடைய அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்து, அவர்கள் வாங்க மறுத்த பின்னரே பிறருக்கு விற்கலாம் என்பது அவ்வழக்கு. அந்த முன்வாங்கல் உரிமையை ஒழுங்குபடுத்த 1947இல் தனிக் கட்டளைச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. சொந்தம் என்பது கைமாறும்போது அந்த மாற்றம் அயலாரையும் பாதிக்கிறது, ஆதலால் அது தனியொருவரின் இஷ்டத்துக்கு மாத்திரம் விடப்படக்கூடாது என்னும் அதே நியாயத்தின் மேல்தான், கணினிக் கோப்பின் உரிமை பற்றிய விதியும் நிற்கிறது.

உரிமை மாற்றத்தோடு இணைந்த இன்னொரு விதியும் உண்டு. சில நிரற்கோப்புக்களுக்கு, அவற்றை இயக்குபவர் யாராயினும், உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் அடையாளம் ஒன்று இடப்பட்டிருக்கும். கடவுச்சொல்லை மாற்றும் நிரல் அதற்கு நல்ல உதாரணம். அவ்வடையாளம் உள்ள கோப்பு ஒன்றின் உரிமையாளர் மாறும்போது அடையாளம் அப்படியே நின்றுவிட்டால், புதிய உரிமையாளரின் அதிகாரம் அவர் அறியாத ஒரு நிரலுக்கு இரவலாகப் போய்விடும். ஆகவே, விசேட அதிகாரம் இல்லாத ஒருவர் மாற்றும்போது அவ்வடையாளங்கள் நீங்கிவிட வேண்டும் என்று நியமம் பணிக்கிறது. விசேட அதிகாரம் உடையவர் மாற்றும்போது என்ன நிகழும் என்பதை ஒவ்வோர் இயங்குதளத்தின் தீர்மானத்துக்கு விடுகிறது. லினக்ஸின் மையநிரலாகிய கருவகம் 2.2.13ஆம் பதிப்பு முதல் நிர்வாகிக்கும் அதே கண்டிப்பைக் காட்டுகிறது. அதற்கும் முன்னர், 2.1.81ஆம் பதிப்பு வரையில், சுட்டிக்கோப்பு ஒன்றின் மேற் 'சீஎச்-ஓன்' இட்டால் அது சுட்டும் கோப்பு மாறாமற் சுட்டியே மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்பிலேயே அழைப்பைச் சுட்டப்பட்ட கோப்பின் மேற் செல்லவைத்து, சுட்டியை மாற்றுவதற்கெனத் தனி அழைப்பு ஒன்றையும் அமைத்தார்கள்.

காலம்

காலத்தைத் திருத்துவதில் நியமம் இரண்டு சந்தர்ப்பங்களைப் பிரித்துக் காட்டுகிறது. 'இப்போதைய நேரத்தை இடு' என்று கேட்பது ஒன்று. அதனை உரிமையாளர் மாத்திரமன்றி அக்கோப்பில் எழுதும் அனுமதி உள்ள எவரும் கேட்கலாம், ஏனெனில் அவர் ஓர் எழுத்தை எழுதினாலே திருத்திய காலம் இப்போதைய நேரமாக மாறிவிடுமல்லவா? 'நான் சொல்லும் நேரத்தை இடு' என்று கேட்பது மற்றொன்று. அது கடந்த காலத்தையோ எதிர்காலத்தையோ கோப்பின் மேல் எழுதும் செயலாதலால், உரிமையாளருக்கும் விசேட அதிகாரம் உடையவருக்கும் மாத்திரமே உரியது.

2008ஆம் ஆண்டின் பதிப்பிற் சேர்க்கப்பட்ட 'யூடைமென்ஸ்-அட்' என்னும் அழைப்பு, நேரத்தை ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு வரை நுணுக்கமாகச் சொல்லவும், இரண்டு காலங்களுள் ஒன்றை மாற்றி மற்றொன்றைத் தொடாமல் விடவும் இடமளித்தது. லினக்ஸ் கருவகத்தில் இது 2.6.22ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் வந்த வடிவிற் குறைகள் இருந்தன. இரண்டு காலங்களுக்கும் 'இப்போது' என்று சொன்னால் அது முதலாவது சந்தர்ப்பமாகவும், ஒன்றுக்கு 'இப்போது' என்றும் மற்றதற்கு 'தொடாதே' என்றும் சொன்னால் அது இரண்டாவது சந்தர்ப்பமாகவும் கொள்ளப்பட வேண்டும். கருவகம் இந்தப் பாகுபாட்டை எப்போதும் சரியாகச் செய்யாமையால், அனுமதி இல்லாதவர் நேரத்தை மாற்ற முடிந்ததும், அனுமதி உள்ளவர் மறுக்கப்பட்டதும், மறுப்புக்குக் காரணம் பிழையாகச் சொல்லப்பட்டதும் உண்டு. லினக்ஸ் கைந்நூற் பக்கங்களைப் பேணிவந்த மைக்கல் கெரிஸ்க், நியமத்தின் வாசகத்தையும் கருவகத்தின் நடத்தையையும் ஒப்புநோக்கிச் சோதித்து இக்குறைகளை எடுத்துக்காட்டினார்; 2008இல் வெளிவந்த 2.6.26ஆம் பதிப்பில் அவை திருத்தப்பட்டன. ஆவணம் எழுதுகிற ஒருவர், தாம் எழுதும் வாக்கியம் உண்மைதானா என்று இயந்திரத்தைக் கேட்டுப் பார்த்ததனாற் கிடைத்த நன்மை அது. எழுத்துத் தொழிலில் ஈடுபட்டோர் யாவரும் பெருமைப்படத்தக்க உதாரணமாக அதனை நான் கருதுகிறேன்.

நியமத்திலிருந்து வேண்டுமென்றே விலகிய இடமும் உண்டு. ஒவ்வொரு வாசிப்புக்கும் வட்டில் ஒரு காலத்தை எழுதுவது வேகத்தைக் குறைப்பதால், லினக்ஸ் 2.6.30ஆம் பதிப்பு முதல், வாசித்த காலம் திருத்திய காலத்துக்கு அல்லது நிலை மாறிய காலத்துக்கு முற்பட்டதாகவோ ஒரு நாளுக்கு மேற்பட்ட பழமை உடையதாகவோ இருந்தாலன்றி அதனைப் புதுப்பிப்பதில்லை. நியமத்தை எழுத்துக்கு எழுத்து வேண்டுவோருக்காகக் கண்டிப்பான முறையைத் தெரிவுசெய்யும் வழியும் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. விலகுவதாயின் இப்படி வெளிப்படையாக விலகவேண்டும்.

நம் ஊரின் கடிகாரம்

போசிக்ஸ் இயங்குதளம் நேரத்தை ஊர்க் கடிகாரத்தால் அளப்பதில்லை. 1970 ஜனவரி 1ஆம் திகதி சர்வதேச நேரம் நள்ளிரவு தொடங்கி எத்தனை செக்கன் கழிந்தது என்னும் எண்ணிக்கையையே அது பதிகிறது. அவ்வெண்ணை ஊர் நேரமாக மாற்றிக் காட்டுவது பின்னொரு படி. இந்தப் பிரிவினையின் அருமையை இலங்கையர், சிறப்பாக வட பகுதியார், அறிந்துகொள்ளப் போதிய காரணம் உண்டு.

இலங்கை 1906இல் சர்வதேச நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942இல், முதலில் அரை மணியும் பின்னர் இன்னும் அரை மணியும் முன்தள்ளப்பட்டு, 1945 அக்டோபரிற் பழைய நிலைக்கு மீண்டது. 1996இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி குன்றி மின்வெட்டு நீண்டபோது, மே 25ஆம் திகதி கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டு ஆறரை மணி ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் திகதி அரை மணி பின்னிழுக்கப்பட்டு ஆறு மணி ஆயிற்று. அந்நிலை நீடித்து, 2006 ஏப்ரல் 15ஆம் திகதியே ஐந்தரை மணி திரும்பி வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களோ 1996இன் அம்மாற்றங்களை ஏற்காமற் பழைய நேரத்தையே கைக்கொண்டன. குடாநாடு 1996இன் நடுப்பகுதிக்குள் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டமையால் இங்குள்ள அரச அலுவலகங்கள் புதிய நேரத்தின்படி இயங்கின. ஆகவே ஒரே தீவில், ஒரே மொழி பேசும் உறவினர், வவுனியாவுக்குத் தெற்கே ஒரு நேரத்திலும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குள் வேறொரு நேரத்திலும் பத்தாண்டு வாழ்ந்தார்கள்.

உலகத்துக் கணினிகள் பலவும் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்த வரலாறு முழுவதும் 'ஆசியா, கொழும்பு' என்னும் தலைப்பின் கீழ்ப் பதியப்பட்டிருக்கிறது. தமிழர் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் இருந்தோர் 'ஆசியா, கொல்கத்தா' என்னும் வலயத்தைப் பயன்படுத்தலாம், அது 1970 முதல் அவர்களுடைய நேரத்தோடு ஒத்திருக்கிறது என்ற குறிப்பையும் அத்தரவுத்தளத்தைப் பேணும் பால் எக்கர்ட் அதில் எழுதிவைத்திருக்கிறார். 1996 மே 25ஆம் திகதி பிறந்த கணத்தில் கொழும்பின் கடிகாரங்கள் ஒரு மணியைத் தாண்டிக் குதித்தன. இயங்குதளத்தின் எண்ணிக்கையோ 832,962,600இலிருந்து 832,962,601க்குச் சென்றது. அதிற் குதிப்பும் இல்லை, கட்சியும் இல்லை.

துன்பம் என்னவெனில், அக்காலத்து ஃபிளாப்பி வட்டுக்களும் பின்வந்த பென் டிரைவ்களும் பெரும்பாலும் ஃபாட் என்னும் அமைப்பைக் கொண்டவை. அவ்வமைப்பிற் செக்கன் எண்ணிக்கை இல்லை. எழுதிய இயந்திரத்தின் கடிகாரம் காட்டிய ஊர் நேரமே, இரண்டு செக்கனுக்கு ஒரு படியாக, வலயக் குறிப்பு எதுவுமின்றி எழுதப்படுகிறது. உரிமையாளர் என்னும் பேச்சுக்கே அதில் இடமில்லை. 1999இல் கொழும்பில் காலை பத்து மணிக்கு எழுதிய கடிதம் ஒன்றை இன்று ஐந்தரை மணி வலயத்திலுள்ள லினக்ஸ் இயந்திரத்தில் அப்படியே திறந்தால், உண்மையான கணத்துக்கு அரை மணி பிந்திய கணமாக அது கணக்கிடப்பட்டு, கொழும்பு வலயத்தின் பழைய விதியின்படி காட்டப்படும்போது பத்தரை என்று தெரியும். அதே ஆண்டு வன்னியிற் பத்து மணிக்கு எழுதியதோ, கணம் சரியாகவே கணக்கிடப்படும்; ஆனால் கொழும்பு வலயத்திற் பார்த்தால் பத்தரை என்றும், கொல்கத்தா வலயத்திற் பார்த்தாற் பத்து என்றும் தெரியும். இரண்டு கோப்புக்களும் திரையில் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. ஒன்று பிழை, மற்றது சரி. எது எங்கே எழுதப்பட்டது என்பதை அறிந்த மனிதர் ஒருவர் இருந்தாலன்றி எந்த நிரலாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

செப்பனிட்ட முறை

எனவே முதலில் மனிதரிடம் சென்றேன். வட்டுக்களின் உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் எழுதினார், அப்போது எவ்விடத்தில் இருந்தார் என்று மூத்தவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதன்பின் எதையும் தொடுவதற்கு முன், இருந்தபடியே ஒவ்வொரு கோப்பின் பெயரையும் உரிமையாளரையும் காலங்களையும் ஒரு பட்டியலாக எழுதிவைத்தேன். திருத்தம் பிழையென்று பின்னொருவர் கண்டால் பழைய நிலைக்கு மீள அதுவே வழி.

ஃபாட் வட்டுக்களை இணைக்கும்போது, ஊர் நேரத்துக்கும் சர்வதேச நேரத்துக்கும் உள்ள இடைவெளியை நிமிடங்களிற் சொல்லும் தெரிவு லினக்ஸில் உண்டு. 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை அரச நேரத்தில் எழுதியவற்றுக்கு 360 என்றும், 1996இன் ஆறரை மணிக் காலத்தில் எழுதியவற்றுக்கு 390 என்றும், வன்னியிலும் 2006க்குப் பின்னரும் எழுதியவற்றுக்கு 330 என்றும் கொடுத்து இணைத்தால், பிரதியெடுக்கும்போதே கணம் சரியாகிவிடுகிறது. கடிகாரம் பின்னிழுக்கப்பட்ட இரு இரவுகளிலும் நள்ளிரவுக்குப் பிந்திய அரை மணி இருமுறை வந்து போனது. அவ்வேளையில் எழுதியது எதுவாயினும் அதன் கணத்தை உறுதிசெய்ய வழியில்லை.

பிரதியெடுக்கும் 'சீபீ' கட்டளைக்குப் 'பீ' என்னும் தெரிவைச் சேர்த்தால், வாசித்த காலம், திருத்திய காலம், உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றையும் சேர்த்தே பிரதிசெய்யவேண்டும் என்பது நியமம். 'ஆர்-சிங்க்' நிரலுக்கு 'ஏ' என்னும் தெரிவு, வாசித்த காலம் நீங்கலாக, இதே பயனைத் தரும். எனினும் உரிமையாளரைக் காப்பாற்ற வேண்டுமாயின் இரண்டையும் நிர்வாகியாகவே இயக்கவேண்டும். லினக்ஸ் வட்டில் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்ணே எழுதப்படுகிறது என்பதையும் மறந்துவிடலாகாது. ஓர் இயந்திரத்தில் 1000 என்னும் எண் செயலாளரைக் குறிக்கலாம், மற்றோர் இயந்திரத்தில் அது தற்காலிகமாக வந்த தொண்டர் ஒருவரைக் குறிக்கலாம். இரு இயந்திரங்களின் பயனர் பட்டியல்களையும் ஒத்துநோக்காமல் வட்டை மாற்றுவது, உரிமையைத் தெரியாத ஒருவர் கையில் ஒப்படைப்பதே ஆகும்.

வேலையின் ஒழுங்கும் முக்கியமானது. சாதாரணப் பயனராக நின்று வேலை செய்பவர், காலத்தை முதலிற் சீர்செய்துவிட்டே கோப்பு கைமாற விடவேண்டும். கைமாறிய பின் கடந்த காலத்தை எழுதும் உரிமை அவருக்கு இல்லை. அனுமதிகளை இறுதியாகவே இடவேண்டும். உரிமை மாறும்போது சில அடையாளங்கள் நீங்கிவிடும் என்பதை மேலே கண்டோம். பொது அடைவுக்குக் குழு அடையாளத்தை இட்டுவைத்தால், அதனுட் பிறக்கும் புதுக் கோப்பு எழுதியவரின் சொந்தக் குழுவைச் சேராமல் அடைவின் குழுவையே சேரும். சபையின் ஆவணம் சபைக்கே உரியதாக நிற்கும்.

இனிவரும் ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறைப்படி 32 பிட்டில் எழுதப்படும் செக்கன் எண்ணிக்கை 2038 ஜனவரி 19ஆம் திகதி, காங்கேசன்துறையிற் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனில் நிரம்பிவிடும். ஈஎக்ஸ்டீ3 போன்ற பழைய அமைப்பில் உள்ள வட்டுக்கள் அதற்கப்பாற் காலத்தைச் சொல்ல முடியாதவை. ஈஎக்ஸ்டீ4 அமைப்பு, கோப்பின் விபரங்களைத் தாங்கும் ஐநோட் என்னும் பதிவு ஒன்றுக்கு 256 பைட் ஒதுக்கி அமைக்கப்பட்டிருந்தால், 2446ஆம் ஆண்டு வரை தாங்கும். சேகரம் ஒன்றைப் பரம்பரைக்கு விட்டுச்செல்ல எண்ணுவோர் இதனை இன்றே சோதித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்போருக்கு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தை நினைவூட்டுகிறேன். இலங்கையிற் பத்தாண்டு தடையின்றி ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் நீதிமன்றத்தை நாடமுடியாதிருந்த சொந்தக்காரர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிற் சேர்க்கலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. ஒருவரின் காணி அவருக்கு மீளுமா என்பது, இன்ன நாளில் இன்னார் எழுதினார் என்று காட்டும் ஒரு துண்டுக் காகிதத்திலோ ஒரு படக்கோப்பிலோ தங்கியிருக்கும் நாடு இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின; அவற்றின் இழப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பெயரும் திகதியும் இழந்த ஆவணத்தின் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே நாம் வாழ்ந்துகொண்டிருப்போம்.

2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் காத்துவருகிறார்கள். வீடுதோறும், கோவில்தோறும், சனசமூக நிலையந்தோறும் இன்று சிறு சேகரங்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பேணும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: ஒரு கோப்பைப் பிரதியெடுக்கும்போது அதன் உரிமையாளரையும் காலத்தையும் சேர்த்துப் பிரதியெடுங்கள். திருத்தவேண்டி நேர்ந்தால், முன்பிருந்ததை எழுதிவைத்துவிட்டுத் திருத்துங்கள். பழைய வட்டு ஏதேனும் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதை எழுதியவர் நம்மிடையே இருக்கும்போதே, எங்கே இருந்து எழுதினீர்கள் என்று கேட்டு அதன் உறையின் மேற் குறித்துவையுங்கள்.